எட்டு நெல்மணி

தை பிறந்து பத்து நாள் ஆகிவிட்டால் எங்களுக்கு வீடு மறந்துவிடும். நான் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் வேலை. சுற்றுப்பட்டு ஊர்களின் சம்பா அறுவடை முழுக்க ஒரே மூச்சில் வந்து இறங்கும். களத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு விவசாயி ராத்திரி முழுக்கக் காவல் கிடந்து, விடிந்ததும் வானத்தைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். ஒரு நாளைக்கு ஆயிரம் மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ, அத்தனைக்கும் கணக்கு, நடுவில் சாக்கு எத்தனை கையிருப்பு, லாரி எப்போது வரும் என்று போன். இந்த நெருக்கடியில்தான் எனக்கு ஒரு பொழுதுபோக்கு வாய்த்தது என்று சொன்னால் என் வீட்டிலேயே நம்பவில்லை.

காரணம் பனி. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லைக் கொள்முதல் செய்ய முடியாது. தை மாசிப் பனி படுதாவையும் மீறி இறங்கிவிடும், முந்தின நாள் சாயங்காலம் பதினாறு காட்டிய நெல் காலையில் பதினெட்டு காட்டும். கொட்டிப் பரப்பி, காலால் கிளறிவிட்டு, வெயில் ஏறட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை இப்படியே போகும். முதல் வருஷம் அந்த இரண்டு மணி நேரத்தையும் பதற்றத்திலேயே தின்று தீர்த்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஈரமானியை எடுத்துப் பார்ப்பேன். வெயிலே வராமல் எண் எப்படி இறங்கும்?

சுமைதூக்கும் அண்ணன்மார்களைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. அவர்கள் களத்துச் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்று செங்கல் சில்லு புலி, பதினைந்து புளியங்கொட்டை ஆடு. இன்னும் ஒரு மணி நேரத்தில் முதுகு ஒடிய மூட்டை தூக்கப் போகிறவர்கள், ஒரு புளியங்கொட்டையை எந்த முனையில் வைப்பது என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பார்கள். அதில் ஒருத்தர், வயது அறுபது இருக்கும், எப்போதும் ஆட்டுப் பக்கம்தான் ஆடுவார். புலியை வெட்ட விடாமல் மெல்ல மெல்ல மூலைக்கு ஒதுக்கி அடைத்துவிடுவார். “புலிக்கு அவசரம் தம்பி, ஆட்டுக்கு என்ன அவசரம்” என்பார். லாரி ஹாரன் கேட்டதும் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள், தரையில் ஆட்டம் அப்படியே இருக்கும். யாரும் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என்னுடையது ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டுதான். களத்துக்கு வரும் ஒவ்வொரு ரகத்திலிருந்தும் எட்டு நெல்மணி, அதுவும் விவசாயியிடம் கேட்டுத்தான் எடுப்பேன். அதை வரிசையாக ஒட்டி, கீழே ரகம், ஊர், தேதி எழுதுவேன். ஏன் எட்டு என்று கேட்டால், பக்கத்தின் அகலத்துக்கு எட்டுதான் நன்றாக உட்கார்ந்தது.

ஆரம்பம் வேலையிலிருந்துதான். சன்ன ரகத்துக்கு ஒரு விலை, பொது ரகத்துக்கு ஒரு விலை. 2025-26 சீசனில் குவிண்டாலுக்கு 2,545 ரூபாயும் 2,500 ரூபாயும். அரிசியின் நீளம் அகலத்தைப் போல இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் சன்னம். கண் பழகியவர்கள் உள்ளங்கையில் நாலு நெல்லைத் தேய்த்து, உமியை ஊதிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தக் கண் இல்லை, பழக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஒட்டத் தொடங்கினேன். பழகிய பிறகு ஒட்டாமல் இருக்க முடியவில்லை.

ஆயிரத்தொன்பது என்று இங்கே சொல்கிற சிஆர் 1009 குண்டு குண்டாக, பார்த்தாலே வயிறு நிறைகிற மாதிரி இருக்கும். அதன் பக்கத்தில் ஆந்திரா பொன்னி என்கிற பிபிடி 5204-ஐ ஒட்டினால் ஏதோ வெளியூர்ப் பெண் வந்து நிற்பதுபோல ஒடிசலாகத் தெரியும். ஏடிடி என்று தொடங்குகிற ரகமெல்லாம் ஆடுதுறையில் பிறந்தது. 1922-ல் தொடங்கிய அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். இத்தனை வருஷமாக பில்லில் ஏடிடி, ஏடிடி என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன், அந்த எழுத்துக்குள் ஒரு ஊரே இருக்கிறது என்று நோட்டில் எழுதும்போதுதான் உறைத்தது.

முதல் நோட்டு போய்விட்டது. மைதா பசையில் ஒட்டி, காய வைக்காமல் மூடி அலமாரியில் வைத்தேன். ஆவணியில் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்துப்பூச்சி பறக்கிறது. ஒவ்வொரு மணியிலும் ஊசி முனையால் குத்தியதுபோல வட்டமான ஓட்டை, உள்ளே வெறும் மாவு. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. களத்தில் சிந்திய நெல்லைக் கூட்ட வரும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, அவர் சிரிக்கவே இல்லை. “பல்லுல வச்சா டக்குன்னு ஒடியணும், அதுவரைக்கும் வெயில்ல போடுங்க. நடுவுல நொச்சி இலை வைங்க” என்றார். இப்போது மூன்று நாள் காய வைத்து, செல்லோடேப்பில் ஒட்டி, நொச்சி இலையைப் பக்கங்களுக்கு நடுவே வைக்கிறேன். நோட்டைத் திறந்தால் பாட்டி வீட்டுக் குதிர் வாசனை.

வைகாசியில் எனக்கு நேரம் கொட்டிக் கிடக்கும். நிலையம் மூடியிருக்கும், ஜூன் 12 மேட்டூர் திறக்கிற பேச்சு மட்டும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும், பாமணி ஆறு மணலாகக் கிடக்கும். பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். ஒருநாள்கூட அந்த நோட்டை எடுத்துப் புரட்டத் தோன்றியதில்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன். நூறு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில், என்னிடம் எதுவும் கேட்காத எட்டு மணியைக் குனிந்து பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வீட்டில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, அதனால் அந்த நிம்மதியும் அங்கே தேவைப்படவில்லை போல.

போன மாசியில் ஒரு பெரியவர் மூன்று ராத்திரி குவியலோடு கிடந்தார். அன்றைக்கு அவர் முறை. காலையில் பதினேழரை காட்டியது. நான் சொல்லத் தயங்கினேன், அவரே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, மகனைக் கிளறச் சொல்லிவிட்டு என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். நோட்டு திறந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், சில இடத்தில் விரலால் தடவினார். நான் ஏடிடி 45 என்று எழுதியிருந்த ஒன்றை, “இது நாப்பத்தஞ்சு இல்ல தம்பி, நாப்பத்தி மூணு” என்று திருத்தினார். அப்புறம் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். வீட்டுக்கென்று கால் மா நிலத்தில் போட்ட மாப்பிள்ளைச் சம்பாவாம், பேரனுக்குக் காட்ட எடுத்து வைத்திருந்தாராம். ஒன்றை உரித்துக் காட்டினார். உள்ளே செக்கச் செவேல் என்று இருந்தது.

“எட்டு எடுத்துக்குங்க. ஊர்ப் பேரைச் சரியா எழுதுங்க” என்றார்.

எழுதினேன். அவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குள் வெயில் களத்தின் பாதிக்கு வந்திருந்தது. குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி ஈரமானியில் போட்டேன். பதினாறரை. தராசை எடுத்து வரச் சொன்னேன்.