வியன்னாவிலிருந்து ஒரே ஒரு நாள்

எங்கள் மகன் வேலை நிமித்தம் வியன்னாவில் இருக்கிறான். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அவனைப் பார்த்து வருவதற்காக நானும் என் மனைவியும் புறப்பட்டபோது, பள்ளியிலிருந்து தடையின்மைச் சான்று பெற்றது முதல் விசா கையில் கிடைத்தது வரை எல்லாமே இழுபறியாக இருந்ததால், அங்கே போய் என்ன பார்ப்பது என்று யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. கையில் இருந்தவை ஒன்பது நாட்கள். போக வர இரண்டு நாட்கள், வந்து இறங்கிய களைப்புக்கு ஒரு நாள், வியன்னா நகரத்துக்கு நான்கு நாட்கள், மகனோடு வீட்டில் சும்மா இருப்பதற்கு ஒரு நாள் என்று பகுத்துப் பார்த்ததில் ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தது. அந்த ஒரு நாளில் எந்த அயல்நாட்டுக்குப் போய்த் திரும்புவது என்பதை முடிவு செய்யவே எங்களுக்கு மூன்று இரவுகள் பிடித்தன.

வியன்னா ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராத்திஸ்லாவா அங்கிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் தூரம். ஹங்கேரியின் சோப்ரோன் நகரத்துக்கு இரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். செக் நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான பிர்னோவுக்கு ஒன்றரை மணி நேரம், புடாபெஸ்ட்டுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த மூன்று நாடுகளும் 2007 டிசம்பர் 21 முதல் ஒரே விசாவில் சுற்றிவர இடம்தரும் ஷெங்கன் எல்லைக்குள் இருப்பவை என்பதால், ஆஸ்திரியத் தூதரகம் கொடுத்த ஒருமுறை நுழைவு விசாவே போதும். அந்த வட்டத்தை விட்டு வெளியேறாத வரை எத்தனை எல்லைகளைக் கடந்தாலும் அது ஒரே நுழைவுதான். இதை அறியாமல், நாடு மாறினால் திரும்பி வர முடியாதோ என்று அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்ட பெற்றோர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் கடவுச்சீட்டைக் கட்டாயம் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எல்லையில் வாயிற்கதவு இல்லையென்றாலும், இரயிலுக்குள் காவலர்கள் வந்து கேட்பது உண்டு.

மகன் முதலில் சொன்னது புடாபெஸ்ட். பார்க்க வேண்டிய நகரம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரயிலில் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு மேல். நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, அங்கே இறங்கி ஊருக்குள் போவது எல்லாம் சேர்ந்தால் ஏழு மணி நேரம் போய்விடும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினாலும், அவ்வளவு பெரிய நகரத்துக்கு நாங்கள் கொடுக்கக் கூடியது ஏழு மணி நேரம்தான், அதுவும் மூட்டுவலி உள்ள என் மனைவியை அவசரப்படுத்தி. புடாபெஸ்ட்டுக்கு இரண்டு இரவுகள் தங்கும்படி போக வேண்டும். அன்றே திரும்பும் பயணத்தில் அதைச் சேர்ப்பது அந்த நகரத்துக்கும் நமக்கும் நியாயமாகாது.

சோப்ரோன் என்னை உண்மையிலேயே ஈர்த்தது. 1921-இல், ஆஸ்திரியாவோடு சேர்வதா ஹங்கேரியோடு இருப்பதா என்று பொது வாக்கெடுப்பு நடத்தி ஹங்கேரியைத் தேர்ந்துகொண்ட ஊர் அது. 1989 ஆகஸ்ட் 19 அன்று அதன் அருகே எல்லையில் நடந்த ‘பான்-ஐரோப்பிய வனபோஜனம்’ என்ற கூட்டத்தின்போது, சற்று நேரத்துக்குத் திறக்கப்பட்ட வாயில் வழியாக அறுநூறுக்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடிவந்தார்கள்; பெர்லின் சுவர் திறக்கப்பட அப்போது மூன்று மாதம்கூட இல்லை. அந்த இடத்தில் நிற்க எனக்கு ஆசை. ஆனால் அது ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், சொந்த வண்டி இல்லாமல் போவதற்குச் சிரமமான இடத்தில் இருக்கிறது. எந்த இடத்துக்காக ஒரு ஊருக்குப் போகிறோமோ அந்த இடத்தையே பார்க்காமல் திரும்ப நேருமானால், அந்த ஊரை வேறொரு பயணத்துக்கு ஒத்திவைப்பதுதான் சரி.

என் மனைவி விரும்பியது பிராத்திஸ்லாவாவை. அவள் காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். வியன்னாவிலிருந்து டான்யூப் ஆற்றில் விரைவுப் படகிலேயே அங்கே போகலாம் என்று மகன் சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு நினைவே இல்லை. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஹங்கேரிய அரசர்கள் 1563 முதல் 1830 வரை முடிசூடிய தூய மார்ட்டின் பேராலயம், மொராவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்தில் பாறை மேல் நிற்கும் தெவின் கோட்டை என அங்கே பார்ப்பதற்குக் குறைவில்லை. யூரோ நாணயமே செல்லும் என்பதால் பணம் மாற்றும் வேலையும் கிடையாது. நேரம் குறைவு, அலைச்சல் ஆகாது என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஊர் அதுதான்.

இருந்தும் நாங்கள் போனது பிர்னோவுக்கு. அதற்குக் காரணம் நான்; காரணத்துக்கும் காரணம், மரபியலுக்கு அடித்தளம் இட்ட துறவி மெண்டல்.

இருபத்தாறு ஆண்டுகளாக நான் உயிரியல் ஆசிரியர். ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பில் தூய நெட்டை, தூய குட்டை என்று கரும்பலகையில் எழுதி, முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டை, இரண்டாம் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்று கட்டம் போட்டு விளக்கியிருக்கிறேன். மளிகைக் கடையில் பட்டாணி வாங்கிவந்து மேசையில் கொட்டி, உருண்டையையும் சுருங்கியதையும் பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துறவி பட்டாணி வளர்த்த தோட்டம் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று வரைபடத்தில் கண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “படகு எங்கேயும் போய்விடாது, உங்கள் பட்டாணித் தோட்டத்துக்கே போகலாம்” என்றாள் மனைவி. அவள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய ஆசை என்பது எனக்குத் தெரியும்.

முதலில் திங்கட்கிழமை என்றுதான் குறித்திருந்தோம். பயணச்சீட்டு எடுக்க உட்கார்ந்தபோதுதான் மடத்திலுள்ள மெண்டல் அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதைக் கவனித்து, செவ்வாய்க்கு மாற்றினோம். அயல்நாட்டுக்கு அன்றே போய்த் திரும்புகிறவர்கள் இப்படி இரண்டு நாட்காட்டிகளையும் பார்த்தாக வேண்டும். செப்டம்பர் 28 செக் நாட்டில் பொது விடுமுறை, ஆஸ்திரியாவில் இல்லை. அக்டோபர் 26 ஆஸ்திரியாவில் தேசிய நாள், அக்டோபர் 28 செக் நாட்டின் தேசிய நாள். நாம் தங்கியிருக்கும் ஊரில் கடைகள் திறந்திருக்கின்றன என்பதால் போகும் ஊரிலும் திறந்திருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

வியன்னாவையும் பிர்னோவையும் 1839-லேயே இரயில் பாதை இணைத்துவிட்டது. அதனால் 1851 முதல் 1853 வரை வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் டாப்ளர் முதலியோரிடம் படித்த மெண்டலும் இந்த இரு ஊர்களுக்கிடையே இரயிலில் போய்வந்திருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850-இல் தோற்றவர் அவர். 1856-இல் மறுமுறை எழுதப் போயும் முடிக்காமலே திரும்பினார். கடைசிவரை தகுதிச் சான்று பெறாத ஆசிரியராகவே பாடம் நடத்தினார். மறுதேர்வுக்குப் போன அதே 1856-இல்தான் பட்டாணிச் சோதனைகளையும் தொடங்கினார். தேர்வில் தவறிய பிள்ளைகளிடம் இதை நான் பல முறை சொல்லியிருக்கிறேன்.

பிர்னோ நிலையத்திலிருந்து ஒன்றாம் எண் டிராமில் ஏறினால் சற்று நேரத்தில் மெண்டல் சதுக்கம். செக் நாட்டில் நாணயம் கொருனா என்றாலும் டிராமில் வங்கி அட்டையைக் காட்டினாலே கட்டணம் எடுத்துக்கொள்கிறது. சதுக்கத்தின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் உயர்ந்து நிற்கும் தேவாலயமும், அதை ஒட்டி அகஸ்தீனியர் மடமும் இருக்கின்றன. சதுக்கத்தில் வாகன இரைச்சல். மடத்து வாசலுக்குள் நுழைந்ததும் புல்வெளியும் அமைதியும். உள்ளே மெண்டலுக்கு வெண்ணிறப் பளிங்குச் சிலை இருக்கிறது, 1910-இல் சதுக்கத்தில் வைத்துப் பிற்பாடு உள்ளே கொண்டுவந்தது. 1900-இல், அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆன பின்பே, உலகம் அவருடைய கட்டுரையைக் கண்டெடுத்தது.

அவர் பட்டாணி பயிரிட்ட நிலம் உணவுக் கூடத்தின் சன்னல்களுக்குக் கீழே இருந்தது. நீளம் 35 மீட்டர், அகலம் 7 மீட்டர். இந்த எண்களை நான் படித்திருந்தேன், ஆனால் என் மனத்தில் இருந்ததோ பரந்த வயல். அங்கே நின்றபோதுதான் அது எவ்வளவு சிறியது என்று விளங்கியது. நான் மெல்ல நடக்க மனைவி எண்ணினாள்: நீளவாக்கில் ஐம்பது அடி எடுத்துவைப்பு, குறுக்கே பத்து. அவ்வளவுதான். இந்த இடத்தில் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகள். கையால் மகரந்தம் எடுத்து, ஒவ்வொரு பூவையும் கட்டி, ஒவ்வொரு விதையையும் எண்ணியிருக்கிறார். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். பாடப் புத்தகத்தில் மூன்றுக்கு ஒன்று என்று நாம் முழு எண்ணாக்கிச் சொல்லிவிடுகிறோம், 2.96 என்று வந்ததை அப்படியே எழுதியவர் அவர்.

பிற்பகலில் மேட்டுக்கு ஏறி, கோசுச் சந்தை என்று பொருள்படும் பெயர் கொண்ட பழைய காய்கறிச் சந்தைக்குப் போனோம். நூற்றாண்டுகளாக அதே இடத்தில் சந்தை நடக்கிறது. மனைவிக்கு அன்றைய நாளின் சிறந்த பகுதி அதுதான். ஆப்பிள், பூசணி, காளான் என்று ஒவ்வொரு கடையாக நின்று விலை கேட்டாள். சைவ உணவுக்காரர்களான எங்களுக்குக் கையில் கொண்டுபோன புளியோதரையோடு, மாவில் தோய்த்துப் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் கிடைத்தன. நகரின் புகழ்பெற்ற துகெந்தாட் மாளிகையைப் பார்க்க முடியவில்லை. அதற்கு வெகு நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். மாலை இரயிலைப் பிடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஊரில் மட்டும் எட்டு மணி நேரம் இருந்திருக்கிறோம்.

பள்ளி திறந்த வாரம், உடற்கல்வி ஆசிரியரிடம் அளவு நாடாவும் சுண்ணாம்புத் தூளும் கேட்டு வாங்கி, மைதானத்தில் 35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலத்துக்குக் கோடு போட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரையும் அதற்குள் நிற்கச் சொன்னேன். “இவ்வளவுதானா சார்?” என்றான் ஒருவன். கோட்டுக்கு வெளியே நின்று நான் கேட்ட கேள்வியும் அதுதான்.