இணைசேரும் பருவம் முடிந்த பின் வெள்ளைவால் ஆண் மான்: தெற்கு அயோவா மசில்லோடர் வேட்டைக் குறிப்புகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நவம்பர் நடுவில் உச்சம் தொடும் இணைசேர்க்கை, டிசம்பர் பிற்பகுதிக்குள் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். சரியாக மேயாமல் பெண் மான்களின் பின்னால் அலைந்த முதிர்ந்த ஆண், உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். டிசம்பர் தொடக்கத்து ஷாட்கன் பருவத்தில் ஆட்கள் வரிசையாக நடந்து காட்டையும் கலைத்திருப்பார்கள். ஆகவே மானுக்குப் பசியும் அதிகம், பயமும் அதிகம். மசில்லோடர் என்பது வெடிமருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகத் திணித்துச் சுடும் துப்பாக்கி; அதற்கான பிந்தைய பருவம் ஜனவரி 10 வரை நீளும். அதில் பலன் தருபவை மூன்று: தீனி உள்ள வயல், மாலை நேரம், மானுக்குத் தெரியாமல் போய்த் திரும்பும் வழி. மூன்றாவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

தேடலைத் தீனியிலிருந்து தொடங்க வேண்டும். அறுக்காமல் நிற்கும் மக்காச்சோளமோ சோயாவோ ஓரிரு ஏக்கர் இருந்தாலும் சுற்றுவட்டார மான்கள் அங்கே கூடும். அறுத்த வயலில் சிந்திய மணிகளும் உதவும். உழுதுவிட்டால் அவை மண்ணுக்குள் போய்விடும். பனி உருகி மறுபடி உறைந்து ஓடு கட்டினால் கிளறி எடுப்பதும் கடினம், அப்போது நிற்கும் பயிருக்குத்தான் மதிப்பு. கடுங்குளிரில் சோளமும் சோயாவும், இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்து இளகினால் குளிர்காலக் கோதுமை, அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) போன்ற பச்சையும் மானை இழுக்கும். வெப்பநிலை மாறினால் வயலையும் மாற்றுங்கள். அயோவாவில் தீவனம் கொட்டி மானை வரவழைப்பது சட்டவிரோதம். இயல்பாக விளைந்து நிற்கும் பயிருக்கு அந்தத் தடை இல்லை.

படுக்கை பெரும்பாலும் தெற்குப் பார்த்த சரிவில், வெயில் விழுந்து வடக்குக் காற்று மறையும் இடத்தில், சிடார் மரங்களுக்கோ உயர்ந்த புல்லுக்கோ நடுவே இருக்கும். அங்கே நடந்து பார்க்கக் கூடாது. வயலோரத்துப் பனியில் பதிந்த தடங்களைத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்தாலே திசை புரிந்துவிடும். மான் நடமாட்டத்தைப் படமெடுக்கும் தானியங்கிக் கேமராவை வயலோரத்தில் மட்டும் கட்டுங்கள். குளிரில் சாதாரண அல்கலைன் பேட்டரி படுத்துவிடும், லித்தியம் தாங்கும்.

காலை வேட்டையை நாங்கள் விட்டுவிட்டோம். விடியலுக்கு முன் மான்கள் வயலிலேயே நிற்கின்றன; இருட்டில் நடந்து போனால் அவற்றைக் கலைப்பதுதான் மிச்சம். மாலையில், வெயில் இறங்க இரண்டரை மணி நேரம் முன்பே பரணில் இருக்க வேண்டும்.

காற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேலே ஏறும். சூரியன் மரங்களுக்குப் பின் போனதும் குளிர்ந்து கனமாகி ஓடைப் பள்ளத்தை நோக்கி வழியும். வானிலைச் செயலி வடமேற்குக் காற்று என்று காட்டும். காற்று பலமாக வீசும்வரை அது சரி. மாலையில் வேகம் தணிந்ததும் இந்த இறங்கு காற்றே ஆளும். மேட்டு ஓரத்துப் பரணில் மூன்று மணிக்குப் பாதுகாப்பாக இருந்தவரின் வாடை, ஐந்து மணிக்கு நேராகப் பள்ளத்து வயலில் நிற்கும் பெண் மான்களிடம் போய்ச் சேரும். ஒன்று காலை உதைத்துச் சீறினால் அந்த மாலை முடிந்தது. எனவே மான் வரும் வழியைவிடத் தாழ்வான பக்கத்தில், வாடை ஆளில்லாத ஓடைக்குள் இறங்கும்படி இடம் பிடியுங்கள். முந்தைய மாலையே மில்க்வீட் (எருக்கு வகைச் செடி) பஞ்சைப் பறக்கவிட்டுப் பார்த்தால் ஓட்டம் கண்ணால் தெரியும். காற்றுத் திசை பார்க்கப் பொடி தூவும் குப்பி அவ்வளவு தூரம் காட்டாது.

நடக்கும்போது மெல்லிய ஆடை போதும். தடித்த மேலங்கி பையில் இருக்கட்டும். வியர்த்தால் பிறகு எதைப் போர்த்தினாலும் குளிர் விடாது. இரட்டைக் காலுறை போட்டு பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் மரத்துவிடும். இரும்புப் பரண் கடுங்குளிரில் கிரீச்சிடும்; பலகை மேல் பழைய கம்பளத் துண்டு விரித்தால் சத்தமும் அடங்கும், காலும் சூடாகும். ஆரஞ்சு மேலாடை சட்டப்படி கட்டாயம்.

துப்பாக்கி 50 காலிபர். கன அளவில் 100 கிரெய்ன் வெடிமருந்து (கரிமருந்துக்கு மாற்றானது), 250 கிரெய்ன் குண்டு, மருந்தைப் பற்றவைக்கும் 209 வகைப் பிரைமர். குளிரில் சுடாமல் போவதற்கு முதல் காரணம் ஈரம். வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் குழலுக்குள் நீர் பூத்து மருந்து நனையும். பிரைமரை எடுத்துவிட்டு, பூட்டிய குளிர்ந்த இடத்திலேயே வையுங்கள். இரண்டாவது காரணம் எண்ணெய். கெட்டியாகி விசையை மந்தமாக்கும், மருந்தையும் கெடுக்கும். நன்றாகத் துடைத்து, ஏற்றுவதற்கு முன் வெறும் பிரைமர் ஒன்றைச் சுட்டு மிச்சத்தை எரித்துவிடலாம். குண்டு மருந்தின் மேல் முழுதாக உட்கார்ந்ததா என்பதற்குத் திணிக்கும் கம்பியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடைவெளி இருந்தால் குழல் வெடிக்கவும் கூடும். குழல் வாயில் ஒட்டிய நாடா பனியைத் தடுக்கும், குறியைக் கெடுக்காது.

பெண் மான்களும் குட்டிகளும் முதலில் வரும். பெரிய ஆண் பெரும்பாலும் கடைசி இருபது நிமிடத்தில்தான் வரும். வயதைக் கணிப்பதில் ஒரு பொறி உண்டு: கழுத்து வீக்கம் வற்றி, தொங்கும் வயிறும் இல்லாததால் ஐந்து வயது ஆண் மூன்று வயதாகத் தெரியும். முகத்தையும் முதுகுக் கோட்டையும் பாருங்கள். ஜனவரிக்குள் சில ஆண்கள் கொம்பை உதிர்த்திருக்கும். பெண் மான் அனுமதி வைத்திருப்பவர் தலையில் வட்டத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தே விசையைத் தொட வேண்டும்.

சுட்ட பின் புகையில் எதுவும் தெரியாது. குனிந்து புகைக்குக் கீழே பார்த்து, ஓடிய திசையை ஒரு மரத்தோடு மனதில் பொருத்தி, உடனே மறுபடி ஏற்றுங்கள். பனியில் நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்பு கல்லீரல், குறைந்தது நான்கு மணி நேரம். பச்சையும் பழுப்பும் கலந்திருந்தால் வயிறு. இரவு முழுவதும் விடுவதே நல்லது. பனிப்பொழிவு தடத்தை மூடும் என்றால் மட்டும் இந்தக் கணக்கை மாற்ற வேண்டியிருக்கும்.

சுடாத மாலைகளில் இறங்குவதுதான் பெரிய வேலை. வயல் நிறைய மான் நிற்கும்போது பரணிலிருந்து இறங்கினால் அடுத்த வாரம்வரை அவை பகலில் வராது. வேட்டை நேரம் முடிந்து பிரைமரை எடுத்த பிறகு, பண்ணை வண்டியை ஒருவர் வயலோரம் ஓட்டி வரட்டும். வண்டி மானுக்குப் பழகியது. விலகிப் போகும், பரணைச் சந்தேகிக்காது.

வீழ்ந்த மானை உடனே குடல் நீக்கித் தோலோடு தொங்கவிடுங்கள். விறைப்பு அடங்குவதற்குள் தசை உறைந்தால் இறைச்சி ரப்பராகிவிடும். கடுங்குளிர் இரவில் திறந்த கொட்டகையைவிட, 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை நிற்கும் கார் கொட்டகை மேல். மானின் மூளையைத் தாக்கிக் கொல்லும் நாட்பட்ட உடல்மெலிவு நோய் (CWD) அயோவா மான்களிலும் உண்டு. தொண்டைப் பகுதி நிணநீர் முடிச்சுகளைச் சோதனைக்குக் கொடுங்கள், முதுகெலும்பை அறுக்காமல் இறைச்சியை எலும்பிலிருந்து பிரியுங்கள், ஒவ்வொரு பொட்டலத்திலும் சோதனை எண்ணை எழுதி, முடிவு வரும்வரை தனியாக உறையவையுங்கள்.