கூத்துக் களரிக்கு எந்தக் கேமரா?

ஏப்ரல் 15, 2012 – ஞாயிறு

நேற்றிரவு பக்கத்து ஊரில் கர்ண மோட்சம் தெருக்கூத்து. சித்திரை பிறந்துவிட்டால் செய்யாறு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழாதான். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. விடியும்வரை முன்வரிசையில் உட்கார்ந்து படமெடுத்தேன். காலையில் கணினியில் போட்டுப் பார்த்தால், தேறியவை எல்லாம் வேஷம் கட்டும் கொட்டகையில் எடுத்தவை. கூத்தாடும் இடமான களரியில் எடுத்தவற்றில் கர்ணனின் கிரீடம் ஓர் இடத்திலும் முகம் வேறோர் இடத்திலும் இழுபட்டுக் கிடக்கிறது.

என்னிடம் இருப்பது கேனன் பவர்ஷாட் ஏ590. 2008-இல் வந்த கையடக்கக் கேமரா. 8 மெகாபிக்சல், நான்கு மடங்கு ஜூம். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சட்டைப் பையில் அடங்கும். ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் (லென்ஸின் ஒளித்துளை) நாமே வைத்துக்கொள்ளலாம். இரண்டு பென்டார்ச் பேட்டரியில் ஓடும் என்பதால், நள்ளிரவில் தீர்ந்துபோனால் அவசரத்துக்குப் பெட்டிக்கடையிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனாலும் லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமராவான டிஎஸ்எல்ஆருக்கு மாறுவதா வேண்டாமா என்பதை இந்தச் சித்திரைக்குள் முடிவு செய்தாக வேண்டும். எங்கள் ஊரில் மே 6 அன்று படுகளம் (பீமன் துரியோதனனை வீழ்த்துவதை நடத்திக் காட்டும் நாள்). "தம்பி, இந்த வருஷமாவது நம் வேஷங்களை நல்லபடியாக எடுத்துக் கொடு. நோட்டீஸில் போட ஒரு படம்கூட எங்களிடம் இல்லை" என்று ஜமா (கூத்துக் குழு) வாத்தியார் கேட்டிருக்கிறார். நாற்பது ஆண்டுகளாகத் துரியோதனன் வேஷம் கட்டுகிறவருக்குத் தம்முடைய நல்ல படம் ஒன்று இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 18 – புதன்

ஃபிளாஷ் போட்டு எடுக்கலாமே என்று அலுவலக நண்பர் கேட்டார். கூத்தில் அது கூடவே கூடாது என்பேன். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடை குறைவு என்பதால்தான் அந்த மரம். மேலே வண்ணக் காகிதமும் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருப்பார்கள். ஃபிளாஷ் அடித்தால் ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் வெள்ளைப் பொட்டாகத் தெறிக்கிறது. அரிதாரம் பூசிய முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் தட்டையாகிவிடுகிறது. புருவத்துக்கு மேல் வாத்தியார் ஈர்க்குச்சியால் பொறுமையாக வைத்த புள்ளிகள் ஒன்றும் தெரிவதில்லை. படம் கெடுவது ஒருபுறம். பாடிக்கொண்டிருக்கிறவரின் கண்ணில் வெளிச்சத்தை அடிப்பது மரியாதையும் அல்ல.

ஏப்ரல் 22 – ஞாயிறு

சென்னையில் அண்ணா சாலைக் கடை ஒன்றுக்குப் போனேன். விற்பனையாளர் மூச்சுக்கு மூச்சு மெகாபிக்சல் பற்றியே பேசினார். பன்னிரண்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலம் என்ற அளவில் நன்றாக அச்சிட, ஏறத்தாழ எட்டரை மெகாபிக்சல் போதும். என் பழைய கேமராவே கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது. எனவே எனக்கு அது பிரச்சினை இல்லை.

பிரச்சினை, ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் பரப்பு. ஏ590-இன் சென்சார் சுமார் 5.8-க்கு 4.3 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கேனனின் சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் அது ஏறத்தாழ 22-க்கு 15 மில்லிமீட்டர். பரப்பில் பதின்மூன்று மடங்கு. ஒரே வெளிச்சத்தில், ஒரே அபெர்ச்சரில், அந்த அளவுக்கு அதிக ஒளி வாங்குகிறது. ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 1600-க்கு ஏற்றினாலும் முகத்தில் மணல் தூவியதுபோல் ஆகாததற்குக் காரணம் இதுதான்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்றும் உண்டு. கேமராவுடன் சேர்த்துத் தரும் 18-55 லென்ஸின் அபெர்ச்சர் 3.5-இல் தொடங்கி, முழு ஜூமில் 5.6-க்குப் போய்விடுகிறது. என் ஏ590 தொடங்குவதே 2.6-இல்; முழு ஜூமில் 5.5. இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். அதாவது, புது லென்ஸ் பழையதைவிட வெளிச்சமானது அல்ல! கிடைக்கிற லாபம் முழுவதும் சென்சாரிலிருந்து மட்டுமே வரும். ரூ. 28,000 சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 25 – புதன்

இருக்கிற கேமராவிலேயே இன்னும் எவ்வளவு பிழியலாம் என்று பார்த்தேன். சிஹெச்டிகே என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றினால் ஏ590-இலும் ரா கோப்பு (கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் படம்) எடுக்க முடிகிறது. களரியில் ஒருபக்கம் மஞ்சள் ஃபோகஸ் விளக்கு, மறுபக்கம் டியூப்லைட். இந்தக் கலவையில் முகங்கள் பச்சையடித்துப் போகும். ரா கோப்பில் அதைப் பின்னால் சரிசெய்துவிடலாம் என்பது உண்மையிலேயே பெரிய உதவி. அசைவினால் படம் இழுபடுவது மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 29 – ஞாயிறு

செய்யாற்றில் கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் ஸ்டுடியோ அண்ணன், தம்முடைய பழைய கேனன் 500டி கேமராவை ஓர் இரவுக்குக் கொடுத்தார். கூடவே 18-55 லென்ஸும், 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸும். நேற்றிரவு எங்கள் ஊர்க் கூத்தில் மூன்றையும் அடுத்தடுத்துச் சோதித்தேன்.

கணக்கை எழுதி வைக்கிறேன். துரியோதனன் இடுப்புக்கு மேல் சட்டத்தில் நிறையும்படி ஏ590-ஐ ஜூம் செய்து, ஐஎஸ்ஓ 400-இல் வைத்தால் ஷட்டர் 1/8 விநாடி. அதற்குமேல் ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் பார்க்கச் சகிக்காது. 500டி-யில் 18-55 போட்டு, ஐஎஸ்ஓ 1600: 1/30. நின்று பாடும்போது சரிதான், அடவு தொடங்கினால் கைகள் கரைந்துபோகின்றன. அதே ஐஎஸ்ஓவில் 50 லென்ஸைப் போட்டு, அபெர்ச்சரை 2-இல் வைத்தேன். 1/250! சுழலும் பாவாடையின் மடிப்புகள்கூட அப்படியே நின்றன. டியூப்லைட் வெளிச்சம் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்குவதால், சில படங்களில் வெளிச்சம் கூடக் குறைய வந்தது. 1/100-க்கு இறக்கியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது.

ஆனால் என்னை அசைத்தது இந்த எண்கள் அல்ல, திரை விழும் நொடி. இரண்டு பேர் துணியைப் பிடித்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து பாட்டு வருகிறது. திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் ஆடுகிறது. பிறகு துணியின் விளிம்பை அழுத்தும் விரல்கள். முகவீணைக் குழலின் ஒலி ஏறுகிறது, வேஷத்தை அறிமுகம் செய்யும் கட்டியங்காரன் ஒதுங்குகிறான், திரை விலகுகிறது. ஏ590-இல் பொத்தானை அழுத்தி, அது ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் வேஷம் இரண்டு அடி முன்னால் வந்துவிடும். நேற்று, துணி பாதி இறங்கிய நிலையில், அதன் மேல் விளிம்புக்குச் சற்று மேலே வாத்தியாரின் கண்கள் மட்டும் தெரியும் படம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாக என் கண் பார்த்ததை முதன்முதலாகக் கேமராவும் பார்த்திருக்கிறது.

மே 2 – புதன்

மூன்று நாட்களாக மறுபக்கத்தை யோசிக்கிறேன்.

50 லென்ஸை 2-இல் வைத்தால், நான்கு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் ஆழம்தான் துல்லியமாக விழுகிறது. கர்ணன் தெளிவாக இருந்தால் பின்னால் நிற்கும் சல்லியன் கலங்கிவிடுகிறார். கூத்தில் ஒருவர் பாடும்போது மற்றவர் முகம் என்ன செய்கிறது என்பது முக்கியம். சின்னச் சென்சார் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டிவிடும். இந்த ஒன்றில் கையடக்கக் கேமராவே மேல்.

பெரிய கேமராவைக் கண்டதும் ஆட்கள் வழிவிட்டார்கள். "எந்தப் பத்திரிகை?" என்று கேட்டார்கள். சிறுவர்கள் லென்ஸுக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் உள்ளே கண்ணாடி எழும்பி விழும் சத்தம் மெல்லிய விருத்தத்துக்கு நடுவே எனக்கே உறுத்தியது. சின்னக் கேமராவுடன் நான் அங்கே ஊர்க்காரன். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எடை ஒரு பொருட்டே அல்ல. அரைக் கிலோவும் கொஞ்சமும்.

மே 6 – ஞாயிறு

படுகளம். காலை வெயிலில் களிமண் துரியோதனன் ஊர் மந்தையில் நீட்டிப் படுத்திருந்தார். பீமன் தொடையில் அடித்ததும், திரௌபதி கூந்தல் முடித்ததும், பெண்கள் குலவையிட்டதும் எல்லாம் ஏ590-இலேயே எடுத்தேன். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 80 போதும். படங்கள் பளிச்சென்று வந்திருக்கின்றன. கால் படும் இடமெல்லாம் புழுதி. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மாற்றுவதற்கு ஏற்ற இடமே அல்ல. மாலையில் தீமிதி. அதையும் வெளிச்சம் இருந்தவரை சின்னக் கேமராவிலேயே எடுத்தேன்.

பகல் திருவிழா மட்டுமே என் விருப்பமாக இருந்திருந்தால், இந்த யோசனையை இன்றோடு விட்டிருப்பேன். நான் எடுக்க நினைப்பது இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் கூத்தை.

மே 9 – புதன்

முடிவு செய்துவிட்டேன். புதுக் கேமரா வேண்டாம். ஸ்டுடியோ அண்ணன் பெரிய மாடலுக்கு மாறுகிறார், 500டி-யை ரூ. 18,000-க்குத் தருகிறார். 18-55 லென்ஸும் அதிலேயே அடக்கம். மிச்சப்படும் பணத்தில் 50 மில்லிமீட்டர் 1.8-ஐப் புதிதாக வாங்குகிறேன். 1990-இலிருந்து வரும் லென்ஸ் அது. உடல் முழுக்கப் பிளாஸ்டிக், ஃபோகஸ் செய்யும்போது கிறீச்சிடும், ஆனாலும் இந்த விலைக்கு இவ்வளவு வெளிச்சம் தருவது வேறில்லை. நிக்கானையும் பார்த்தேன். டி3100-இன் உள்ளே ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், அவர்களுடைய மலிவான 50 லென்ஸ் அதில் தானாக ஃபோகஸ் ஆகாது. இருட்டில் கையால் திருப்பிக்கொண்டிருக்க முடியாது.

ஏ590-ஐ விற்கப்போவதில்லை. சபை முழுவதும் தெரியும் படங்களுக்கும், கொட்டகைக்கும், பகலுக்கும் அது. களரிக்கு 50 லென்ஸுடன் 500டி. இரவு முழுக்க அந்த லென்ஸைக் கழற்றப் போவதில்லை.

இன்று மாலை அண்ணனிடம் ரூ. 5,000 முன்பணம் கொடுத்தேன். திரை பாதி இறங்கிய படத்தைப் பன்னிரண்டுக்கு எட்டில் அச்சிட்டு எடுத்துப் போனேன். வாத்தியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வலது புருவப் புள்ளி கொஞ்சம் கோணலாக இருக்கிறது, தம்பி. அடுத்த ஊரில் சரியாக வைக்கிறேன், வந்து எடு" என்றார். அடுத்த ஊர் மே 19, சனிக்கிழமை. போகிறேன்.