இழுத்த இழையின் தடம்: பாலிப்ரொப்பிலீன் நாட்குறிப்பு

ஜூன் 3

நுண்ணோக்கிக்குக் கீழே உருகிய பாலிப்ரொப்பிலீனில் ஒரு கண்ணாடி இழையை இழுத்தால் போதும், ஓட்டம் படிகத்தை எப்படி வரவழைக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். 1990-களில் வார்கா, கார்கர்-கோச்சிஸ் என்ற ஆய்வாளர்கள் செய்து காட்டிய முறை இது. போலரைஸிங் நுண்ணோக்கி (இதில் படிகம் ஒளிரும், உருகிய திரவம் இருட்டாகத் தெரியும்), ஹாட் ஸ்டேஜ் எனும் சூடேற்றும் மேடை, மெதுவாகச் சுழலும் சின்ன மோட்டார், இவ்வளவுதான் கருவி.

பிளாஸ்டிக் குருணை வாங்கும்போது, ஹோமோபாலிமர் (புரொப்பிலீன் மட்டுமே கொண்டது), கரு ஊக்கி (படிகம் முளைக்கத் தூண்டும் பொருள்) சேர்க்காத ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடிபோலத் தெளிவான டப்பாக்களுக்கான ரகங்களில் ஊக்கி கலந்திருக்கும். அவற்றில் எங்கு பார்த்தாலும் கரு முளைக்கும். ஓட்டம் செய்த வேலையைத் தனியே பிரித்தறிய முடியாது.

குருணையை 200 டிகிரியில் அழுத்தி 50 மைக்ரான் படலம் இரண்டு செய்ய வேண்டும். நடுவில் இழை. வெளியே நீட்டிய முனை மோட்டாருக்கு.

ஜூன் 4

முதலில் இழுக்காமலே ஒரு முறை சோதிக்க வேண்டும். 220 டிகிரியில் 10 நிமிடம் வைத்துப் பழைய படிகத் தடயங்களை அழித்து, வேகமாக 135-க்கு இறக்கி அங்கேயே நிறுத்த வேண்டும். கோளப்படிகங்கள் (ஒரு கருவிலிருந்து எல்லாப் பக்கமும் வளரும் உருண்டைகள்) அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும். இழைக்குப் பக்கத்தில் தனியாக எதுவும் நடக்கக் கூடாது. இழையை ஒட்டி அடர்த்தியாகப் படிகம் கிளம்பினால், ஆலையில் இழைமேல் பூசிய பூச்சு மிச்சமிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அசிட்டோனில் ஊறவைத்துக் கழுவி மறுபடி பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டிக்கொண்டு போனால் பிறகு வரும் எந்தப் படத்தையும் நம்ப முடியாது.

ஜூன் 5

அதே வெப்ப வரிசை. 135-ஐத் தொட்டதும், கோளப்படிகம் தலைகாட்டும் முன்பே, நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் 2 நொடி இழுத்து நிறுத்த வேண்டும். இழையின் விட்டம் 15 மைக்ரான் என்றால் அதன் மேற்பரப்பில் ஷியர் வீதம் (உருகின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் வேகம்) நொடிக்குச் சுமார் 70 வரும். தொலைவில் அது மளமளவென்று குறைந்துவிடும். அதனால் ஒரே படலத்துக்குள் ஓட்டம் கண்ட பகுதியும் ஓட்டமே காணாத பகுதியும் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. இந்த முறையின் அழகே இதுதான்.

நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் இழையின் ஓரம் மெல்லிய ஒளிக்கோடாகும். கோடு தடிக்கும், பிறகு இருபுறமும் விசிறியாக விரியும். கருக்கள் நெருக்கமாக இருப்பதால் பக்கவாட்டில் வளர இடமில்லை. வெளிநோக்கி மட்டுமே வளர்ச்சி. அந்த விசிறிகள் கோளப்படிகங்களைவிடக் கண்கூசும் பளபளப்பு. அவை பீட்டா படிகங்கள்; பாலிப்ரொப்பிலீனின் வழக்கமான படிக வடிவம் ஆல்ஃபா, இது வேறொரு வடிவம். ஓட்டம் முதலில் பிறப்பித்தது ஆல்ஃபா கரு வரிசை. பீட்டா அதன்மேல் முளைத்து, வேகமாக வளர்ந்து, அதை மூடிவிடுகிறது.

ஜூன் 9

பீட்டாதானா என்று உறுதிசெய்ய உருக்கிப் பார்க்க வேண்டும். பீட்டா 150-ஐ ஒட்டிக் கரையும், ஆல்ஃபா 165 வரை தாங்கும். இங்கே பலர் இடறுவார்கள்: மாதிரியை அறைவெப்பத்துக்கு ஆறவிட்டுப் பிறகு சூடேற்றுவது. 100 டிகிரிக்குக் கீழே போய்வந்த பீட்டா, சூடேறும்போதே ஆல்ஃபாவாக மாறிக்கொள்ளும்; உருகுநிலை பொய் சொல்லும். 135-இலிருந்து நேரே மேலேற்றுங்கள்.

140-ஐத் தாண்டிய வெப்பத்தில் இழுத்து அங்கேயே வளரவிட்டால் பீட்டா வராது. ஆல்ஃபா வரிசை மட்டும்.

ஜூன் 11

175 டிகிரிக்கு ஏற்றினால் திரை முழுக்க இருட்டு, எல்லாம் உருகிவிட்டது. சில நிமிடத்தில் மீண்டும் 135-க்கு இறக்கினால், இழுக்காமலே, அதே இடத்தில் கோடு மறுபடி எழும். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒழுங்கு மிஞ்சியிருக்கிறது. 220-இல் 10 நிமிடம் வைத்தால்தான் அந்தத் தடம் அழியும்.

ஜூன் 16

நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள்தாம் இந்தக் கரு வரிசைக்குக் காரணம். சங்கிலியின் நீளம் இரட்டித்தால் அது தளர (ஓட்டம் திருப்பிவிட்ட நிலையிலிருந்து பழைய நிலைக்குத் திரும்ப) எடுக்கும் நேரம் ஏறத்தாழ 10 மடங்காகும் (நீளத்தின் 3.4 அடுக்கு). ஆனால் சங்கிலி நீண்டு நிற்க, ஷியர் வீதத்தை, நீண்ட சங்கிலி மீண்டும் சுருங்க எடுக்கும் நேரத்தால் (அது தளர்வு நேரத்தைவிடக் குறைவு) பெருக்கினால் 1-ஐத் தாண்ட வேண்டும். சராசரிச் சங்கிலி தாண்டாது, நீளமான சிலவே தாண்டும். அவைதாம் நீண்டு நின்று கரு வரிசையாகின்றன. உருகு ஓட்ட எண் (உருகு எவ்வளவு எளிதாக ஓடும் என்பதன் அளவு) ஒன்றாகவே இருக்கும் இரண்டு ரகங்கள் வார்ப்பு அச்சில் வேறுவேறாக நடந்துகொள்வதும் இதனால்தான். அந்த எண், மிக நீளமான அந்தச் சில சங்கிலிகளைப் பற்றி அதிகம் சொல்லாது.

ஜூன் 20

இதே விளைவை வார்த்த பொருளிலும் பார்க்கலாம்: மூடியோடு ஒட்டிய கீல் உள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பா. மைக்ரோடோமில் (மெல்லிய சீவல் எடுக்கும் கருவி) 15 மைக்ரான் சீவல் எடுத்துப் பார்த்தால் அச்சுச் சுவரை ஒட்டிய தோல், அடுத்து ஒளிரும் ஷியர் அடுக்கு, நடுவில் கோளப்படிகங்கள். உருகின் வெப்பத்தைக் குறைத்தால் அந்த அடுக்கு தடிக்கும், பாகம் ஓட்டத் திசையில் ஒரு விதமாகவும் குறுக்கே வேறு விதமாகவும் சுருங்கும். கேட் (உருகு அச்சுக்குள் நுழையும் வாய்) வைக்கும் இடத்தை, உருகு கீலைக் குறுக்காகக் கடக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு ஓட்டங்கள் கீல்மேல் சந்தித்தால் அங்கே வெல்ட் லைன் எனும் இணைப்புக் கோடு விழும். மடிக்கும்போது முதலில் விடுவது அந்தக் கோடுதான்.