மூன்றாம் லைனில் ஏன் இத்தனை குறைகள்?

23 செப்டம்பர் 2024, திங்கள்

எங்கள் பின்னலாடைக் கம்பெனியின் வாராந்திரக் கூட்டத்தில் இன்று பேச்சு முழுவதும் மூன்றாம் தையல் லைனைப் பற்றித்தான். போன வாரக் குறைப் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். ஊசித் துளை, விட்டுப்போன தையல், பாகத்துக்குப் பாகம் நிற வேறுபாடு, மாறிப்போன லேபிள் என்று பக்கம் நிறைய இருந்தது. முதல் லைனுக்கு இரண்டே வரிகள். முதலாளி தாளை மேசையில் போட்டு, "மூன்றாம் லைன் சூப்பர்வைசரை எடுத்துவிடலாம். முதல் லைன்காரரே இரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை தைக்கும்போதே லைனுக்குள் யாரோ பார்த்துச் சொன்ன குறைகள். சொல்லாமல் விட்டவை அயர்னிங் முடிந்து கடைசி செக்கிங்கில் மாட்டும்போது செக்கிங் கணக்கில் ஏறிவிடுகின்றன. எந்த லைனில் தைத்தது என்று யாரும் தேடுவதில்லை. இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். முதலாளி கொடுத்தார். தைப்பவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாக வேலைக்கு வந்து, துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டி, நான்கு மிஷின் போட்டுத் தொழில் தொடங்கி, இன்று பெருமாநல்லூர் பக்கம் இந்தக் கட்டடத்தை எழுப்பியவர். திருப்பூரில் இப்படி வந்தவர்கள் பலர். மிஷினைப் பற்றிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார். மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், "வேலைக்காரன் என்றால் வேலை செய்ய வேண்டும், நான் செய்யவில்லையா?" என்பார்.

24 செப்டம்பர், செவ்வாய்

காலை முழுவதும் மூன்றாம் லைனில் நின்றேன். கைக்குழந்தைகளுக்கான அடர்நீல ஆடை ஓடிக்கொண்டிருக்கிறது. அடிமடிப்பு தைக்கும் பிளாட்லாக் மிஷினில் இருக்கும் பழனிக்கார அக்கா ஒரு பீஸின் அடிமடிப்பை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்த்தார். தையலை ஒட்டிக் கடுகளவு துளை தெரிந்தது. துணி தளர்ந்ததும் துளை மறைந்துவிட்டது. வாங்கியவர் ஒரு முறை துவைத்தால் அதுதான் கண்ணியறுத்துக்கொண்டு ஓடும். அக்கா மிஷினை நிறுத்திக் கையைத் தூக்கினார்.

சூப்பர்வைசர் வந்தார். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்கவில்லை. பீஸை வாங்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஊசியைக் கழற்றி, முனையைத் தன் விரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்தார். நகத்தில் கீறல் விழுந்தது. பின்னலாடைக்கு உருண்டை முனை ஊசிதான் போடுவோம்; அது நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். முனை சிதைந்துவிட்டால் நூலை வெட்டிவிடும். "நல்ல வேளை, இப்போதே பார்த்தீர்கள் அக்கா. முந்தின பண்டலையும் பிரித்துப் பார்த்துவிடலாமா?" என்றார். இருவரும் சேர்ந்து பிரித்தார்கள். அதிலும் சில பீஸ்கள் மாட்டின. பட்டியலில் ஒரு வரி கூடியது.

பக்கத்து மிஷினில் ஒடிசாப் பையன் ஒருவன். இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தைத்தான். மதியத்துக்குள் அவனும் ஒரு முறை கை தூக்கிவிட்டான்.

மாலையில் முதல் லைன். ஓவர்லாக்கில் இருக்கும் சின்னப் பெண் ஒரு தோள் தையலைக் காட்டினாள். "உன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமா? ஓட்டு, ஓட்டு. செக்கிங்கில் பார்த்துக்கொள்வார்கள்" என்று பதில் வந்தது. அவள் முகம் சுண்டிவிட்டது. அதன் பிறகு அந்த லைனில் ஒரு கைகூட உயரவில்லை. திட்டு வாங்கியது ஒருத்திதான் என்றாலும் கேட்டது லைன் முழுவதும்.

26 செப்டம்பர், வியாழன்

உடைந்த ஊசி ரெஜிஸ்டரைப் பார்த்தேன். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிச் சேர்த்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தர வேண்டும். குழந்தை ஆடைக்கு இதில் தளர்வே கிடையாது. மூன்றாம் லைன் பக்கங்களில் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. முதல் லைனில் இந்த மாதம் ஒன்றுகூட இல்லை.

எந்தத் தையல் லைனிலும் மாதக்கணக்கில் ஊசி உடையாமல் இருக்காது. அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு நடுங்கியது. உடைந்த ஊசியோடு போய் நின்றால் திட்டு விழும் என்று பயந்து, பையில் வைத்திருக்கும் சொந்த ஊசியை மாட்டிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. அப்படியென்றால் முனைத்துண்டு எங்கே போகிறது? பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது, உண்மைதான். அதை நம்பி ஒரு கைக்குழந்தையின் சட்டையை அனுப்ப என்னால் முடியாது. நாளையிலிருந்து பழைய ஊசியை, முழுதோ துண்டோ, வாங்கிக்கொண்டுதான் புதுசு. யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று ஸ்டோரில் சொல்லிவைத்தேன். ஏற்கெனவே பேக்கிங்கில் இருக்கும் முதல் லைன் பெட்டிகளை மறுபடி டிடெக்டரில் விடச் சொன்னேன். அவை சுத்தமாக வந்தன.

28 செப்டம்பர், சனி

சம்பள நாள். கவர் வாங்கிக்கொண்டு போனவர்களில் சிலரிடம் தனியாகப் பேச முடிந்தது. பேச்சு பீஸ் ரேட்டில், அதாவது பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், வந்து நின்றது. மிஷினை நிறுத்திக் குறையைக் காட்டினால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை. ஆல்ட்ரேஷன் பிரித்துத் தைத்தாலும் இல்லை. "கம்பெனிக்கு நல்லது செய்யப்போய் என் கூலியை நான் எதற்குங்க இழக்க வேண்டும்?" என்று ஒரு தேனிக்காரர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் கேட்டது நியாயம். மூன்றாம் லைனில் அந்த நேரத்தைச் சூப்பர்வைசர் எழுதிவைத்து, வார முடிவில் என்னிடம் வந்து சண்டை போட்டு, நேரத்துக்குக் கூலி தரும் ஷிப்டு கணக்கில் சேர்த்துவிடுகிறார். அது அவருடைய நல்ல மனசு. விதியாக எங்கும் எழுதப்படவில்லை.

இன்னொன்றும் சொன்னார்கள். ஒரு ஸ்டைலில் கை பழகி உற்பத்தி கூடினால் அடுத்த முறை ரேட்டைக் குறைத்துவிடுவார்களாம்; அதனால் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வார்களாம். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. சிகாகோ அருகே ஹாத்தோர்ன் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1931-32ல் 14 ஆண்கள் வேலை செய்த ஓர் அறையைத் தொடர்ந்து கவனித்தார்கள். கூட்டாக உற்பத்திக் கூலி உண்டு. கூடுதலாகச் செய்தால் கூடுதல் பணம். ஆனாலும் தங்களுக்குள் ஒரு நாள் அளவை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகவில்லை. யாராவது மீறினால் மற்றவர்களே அடக்கினார்கள். சோம்பல் என்று அதைச் சொல்ல முடியாது. மேலிருப்பவர் என்ன செய்வார் என்று தெரியாதபோது உழைப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழி அது.

2 அக்டோபர், புதன்

காந்தி ஜெயந்தி விடுமுறை. மதியம் அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, வெகுநாளாகப் படிக்க வைத்திருந்ததை எடுத்தேன்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்திருக்கிறார், 1996ல் வெளியானது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினார். கணக்கு நேர்மாறாக வந்தது. அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம். ஆராய்ந்ததில், அந்த வார்டுகளில் நர்சுகள் தவறைத் தயங்காமல் சொன்னார்கள், பேசினார்கள் என்று தெரிந்தது. தலைமை கடுமையாக இருந்த இடங்களில் மறைத்தார்கள். படித்ததும் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் மூன்றாம் லைன் இதேதான்!

முதலாளியிடம் மருத்துவமனைக் கதை எடுபடாது. மிஷின் கதை எடுபடும். ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924ல் முடித்த தானியங்கித் தறி, பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அந்தக் கருத்தைத்தான் பின்னாளில் டொயோட்டா கார் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள். குறையைக் கண்ட தொழிலாளி மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம், குழுத்தலைவர் உடனே உதவிக்கு வருவார். துணி பின்னும் எங்கள் நிட்டிங் மிஷினிலும் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மிஷின் நிற்கிறது. நின்றதற்காக அதை யாரும் திட்டுவதில்லை. நூலை முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுகிறோம்.

7 அக்டோபர், திங்கள்

முதலாளியிடம் பேச்சால் ஆரம்பிக்கவில்லை. கடைசி செக்கிங்கில் ஒதுக்கிய பீஸ்களை இரண்டு வாரமாக லைன் வாரியாகப் பிரித்து வைத்திருந்தேன். இரண்டு பெட்டிகளை அவர் முன்னால் வைத்தேன். முதல் லைன் பெட்டி நிரம்பி வழிந்தது. ஒரு பீஸை எடுத்துத் தாமே இழுத்துப் பார்த்தார். பழைய ஓவர்லாக்காரர் கை. துளையை உடனே கண்டுபிடித்துவிட்டது. "இதை லைனிலேயே ஏன் யாரும் சொல்லவில்லை?" என்றார். தேனிக்காரர் கேட்ட கேள்வியை அப்படியே சொன்னேன். நிட்டிங் மிஷின் விளக்கையும் சொன்னேன்.

நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒப்புக்கொண்டார்: குறைக்காக நிறுத்தும் நேரத்துக்கு ஷிப்டு கணக்கில் கூலி, முதலில் இரண்டு லைன்களுக்கு, குறைப் பட்டியலில் எங்கே கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு கட்டம். ரேட் குறைப்பு பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நான் விடப்போவதில்லை.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. நேற்று சாயங்காலமே மிஷின்களைத் துடைத்து, பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். பொரி, கடலை, பூசணிக்காய். பீகார்ப் பையன்கள் தங்கள் மிஷினுக்குத் தாங்களே கற்பூரம் காட்டினார்கள். எங்கள் வழக்கத்தில் ஆரத்தித் தட்டு முதலில் அலுவலகத்துக்குப் போகும். இந்த முறை முதலாளி நேரே லைனுக்குள் போனார், பழனிக்கார அக்காவிடம், "துளையைப் பார்த்தது நீங்கள்தானே அம்மிணி?" என்று கேட்டுத் தட்டை நீட்டினார். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. மாலைக்குள் பிசிறு வெட்டும் பெண்கள் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

18 அக்டோபர், வெள்ளி

போனஸ் பேச்சு. சட்டப்படி 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, உச்சம் 20. எவ்வளவு, எந்தத் தேதி என்பதை இன்றே போர்டில் எழுதிப்போடச் சொன்னேன். தீபாவளிக்கு முந்தின நாள் வரை இழுத்தடித்தால் ஊர் போகிறவர் துணி எடுப்பது எப்போது, பஸ் டிக்கெட் போடுவது எப்போது?

1959ல் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்களிடம் கேட்டு ஒரு முடிவு சொன்னார்: சம்பளமும் மேற்பார்வையும் சரியில்லையென்றால் வெறுப்பு வரும், ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது, சாதித்த உணர்வும் பாராட்டும் பொறுப்பும்தான் அதைத் தரும். நான் இதில் பாதியைத்தான் ஏற்கிறேன். வட்டிக் கடனோடு வேலைக்கு வருகிறவருக்கு முழுக் கவர் கையில் வாங்குவதே ஊக்கம். ஆனாலும் போனஸ் வாங்கிய மறுவாரம் யாரும் அதற்காகக் கூடுதல் கவனத்தோடு தைத்து நான் பார்த்ததில்லை. ஆரத்தித் தட்டுக்குப் பிறகு தைப்பதைப் பார்க்கிறேன்.

23 அக்டோபர், புதன்

முதல் லைன் சூப்பர்வைசரோடு டீக்கடையில் வெகுநேரம் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை. இந்தக் கம்பெனியிலேயே முதல்தரமான ஓவர்லாக் டெய்லராக இருந்தவர். அதற்காகவே ஒரு நாள் காலையில் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். மிஷினை ஓட்டத் தெரிந்தவருக்கு ஆட்களை நடத்துவது எப்படி என்று ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்ற போர்டு அவர் தலைக்கு மேல் தொங்குகிறது. குறைந்தால் மேலிருந்து அவருக்குத் திட்டு; அதை அப்படியே கீழே இறக்குகிறார். "கத்தாமல் எப்படிங்க அம்மிணி வேலை வாங்குவது?" என்று உண்மையாகவே கேட்டார்.

நாளையிலிருந்து காலை முதல் டீ வரை மூன்றாம் லைனில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். தண்டனை இல்லை என்பதை இரண்டு பேரிடமும் தெளிவாகச் சொன்னேன். அந்த நேரத்தில் அவர் லைனின் போர்டுக்கு நான் பொறுப்பு.

28 அக்டோபர், திங்கள்

ஊர் போகும் பட்டியல். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிடச் சட் பூஜைதான் பெரிது. அது நவம்பர் முதல் வாரத்தில் வருகிறது. விடுமுறையைத் தள்ளிக் கேட்டார்கள், கொடுத்தோம். போனஸ் போர்டில் எழுதிய தேதியிலேயே போய்ச் சேர்ந்தது.

11 நவம்பர், திங்கள்

பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். கூட்டத்தில் இன்று குறைப் பட்டியலின் முதலிடம் முதல் லைனுக்கு! உடைந்த ஊசிப் பக்கத்திலும் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. முதலாளி யாரையும் மாற்றச் சொல்லவில்லை. இரண்டு லைன் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாகத் தேடினார். பிறகு, "துளை எல்லாம் அடர்நீலத்தில்தான் வருகிறது. வெள்ளையில் ஒன்றுகூட இல்லையே" என்றார்.

ஊசியை மாற்றியும் துளை நிற்காததற்குக் காரணம் அதுதான். துணி வறண்டு வந்திருக்கிறது. கடைசி அலசலில் மென்மையூட்டி போதவில்லை என்று நினைக்கிறேன். வறண்ட துணியில் நூல் விலகாது, ஊசி வெட்டிவிடும். ஒரே லைன் சொல்லிக்கொண்டிருந்தவரை இது அந்த லைனின் குற்றமாகவே தெரிந்தது.

நாளைக் காலை துணி மாதிரியோடு சாயப்பட்டறைக்குப் போகிறேன். முதல் லைன் சூப்பர்வைசரும், தோள் தையலைக் காட்டித் திட்டு வாங்கிய அந்தப் பெண்ணும் உடன் வருகிறார்கள். அவளுக்கு நாளைய கூலி ஷிப்டு கணக்கில். தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பீஸ் ரேட்டைப் பற்றி முதலாளியிடம் புதன்கிழமை பேச நேரம் கேட்டிருக்கிறேன்.