குழந்தையின் வாக்குமூலமும் கேட்பவரின் கேள்வியும்

குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகள் பலவற்றில் வேறு சாட்சியோ மருத்துவத் தடயமோ இருப்பதில்லை என்பதால், விசாரிப்பவர் கேட்கும் கேள்வியின் அமைப்பே வழக்கின் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது. "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டால் குழந்தை ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லி நிறுத்திக்கொள்ளும், கேட்பவர் பெரியவர் என்பதாலேயே அவர் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடவும் கூடும். "அன்று நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்" என்றாலோ, தன் நினைவிலிருந்து தன் சொற்களில் சொல்லத் தொடங்கும்.

இந்த அறிவை நடைமுறையாக்க, 1990களில் அமெரிக்காவின் தேசியக் குழந்தைநல, மனித வளர்ச்சி நிறுவனத்தில் (என்.ஐ.சி.எச்.டி.) பணியாற்றிய உளவியலாளர் மைக்கேல் லாம்ப், இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர் இரித் ஹெர்ஷ்கோவிட்ஸ் முதலியோர் இணைந்து உருவாக்கியதே, குழந்தைகளை விசாரிப்பதற்கான என்.ஐ.சி.எச்.டி. நெறிமுறை. இதில் இஸ்ரேலின் பங்கு தற்செயலானதன்று. அங்கே 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பாலியல் குற்ற வழக்குகளில் விசாரிப்பவர்கள் தனியாக நியமிக்கப்பட்ட விசாரணையாளர்கள். தேவைப்பட்டால் குழந்தைக்குப் பதிலாக அவர்களே நீதிமன்றத்தில் சாட்சியமளிக்கலாம். எனவே ஒரே அமைப்பின்கீழ் நடந்த உண்மையான விசாரணைகளின் பதிவுகள் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. ஆய்வுக்கூடப் பரிசோதனைகள் எத்தனை நடத்தினாலும் இதற்கு ஈடாகா என்பது என் கருத்து. அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட பிற நாடுகளிலும் நெறிமுறை சோதிக்கப்பட்டது. அதைப் பின்பற்றியோர், குழந்தையைத் தன் சொற்களில் சொல்லவிடும் திறந்த கேள்விகளை ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாகக் கேட்டதாகவும், விடையைத் திணிக்கும் கேள்விகள் பாதியளவாகக் குறைந்ததாகவும் 2007இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது.

ஆனால் பேசவே தயங்கும் குழந்தைகளிடம் இது போதவில்லை. குழந்தை வாய் திறக்காதபோது விசாரிப்பவர் பொறுமையிழந்து நேரடிக் கேள்விகளுக்குத் தாவுவதையும், அதனால் குழந்தை மேலும் ஒடுங்கிப்போவதையும் ஹெர்ஷ்கோவிட்ஸின் ஆய்வுகள் காட்டின. அதன்பின் திருத்தப்பட்ட வடிவத்தில், குற்றத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்பே குழந்தையோடு நெருக்கத்தை வளர்ப்பதற்கும் பேசும்போது ஆதரவு காட்டுவதற்கும் கூடுதல் இடம் தரப்பட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு முடிவு. பயிற்சி பெற்ற விசாரணையாளர்களின் பதிவுகளை மற்றவர்கள் தொடர்ந்து கேட்டுத் திருத்தம் சொல்லிவந்தவரை விசாரணையின் தரம் உயர்ந்திருந்தது. அந்த மேற்பார்வை நின்ற சில மாதங்களிலேயே பழைய கேள்விகள் திரும்பிவிட்டன. அவர்கள் நெறிமுறையை மறந்துவிடவில்லை, அதன்படி கேட்கும் பழக்கத்தைத்தான் இழந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். சில நாள் பயிலரங்குக்கு நிதி ஒதுக்குவது அரசுகளுக்கு எளிது. ஆண்டுக்கணக்கில் பதிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் மனம் வருவதில்லை.