நீலக் குதிரைக்குப் புள்ளி ஏறிவிட்டது

நான் நிறம் தீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பொம்மை, அந்த நீலக் குதிரைக்கு அடிப்பூச்சு காய்ந்து, புள்ளிகளும் ஏறிவிட்டன. இனி வார்னிஷ்தான் பாக்கி. நுவரெலியாவில் இந்தக் கிழமை முழுக்க மூடுபனி. நல்ல வெயில் விழும் வரைக்கும் அதைத் தொடுவதாக இல்லை.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஸ்டேபிள்மேட் அளவு அது. அதாவது நிஜக் குதிரையில் 32இல் ஒரு பங்கு. பொம்மைக் குதிரைகள் செய்யும் அமெரிக்க நிறுவனமான பிரையர் 1975இலிருந்து இந்த அளவில் குதிரைகள் செய்கிறது. கொழும்பில் இருக்கும் மச்சான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்கி அனுப்புவார். கபிலம், கறுப்பு, வெள்ளை எல்லாம் வரும். எனக்குப் பிடித்தது உலகத்தில் எந்தக் குதிரைக்கும் இல்லாத நிறங்கள். ஊதா, தங்கம், கடல் பச்சை என்று என் அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க அவைதான்.

இந்த ஆசைக்கு மூலம் 1960களில் அதே நிறுவனம் விட்ட நான்கு நிறங்கள். சேகரிப்பவர்கள் அவற்றை ‘டெகரேட்டர்’ என்பார்கள். வெட்ஜ்வுட் புளூ முழு நீல உடம்பு. கோல்டன் சார்ம் முழுத் தங்கம். கோப்பன்ஹேகன் நீலத்தில் வெண்புள்ளி, ஃபுளோரன்டைன் தங்கத்தில் வெண்புள்ளி. நான்குக்கும் பிடரி, வால், கால் எல்லாம் வெள்ளை. அந்தக் காலத்தில் சரியாக விற்கவில்லை. அதனாலேயே இன்று கிடைப்பது அரிது, கிடைத்தாலும் நம் கைக்கு எட்டாத விலை. படத்தைப் பார்த்துப் பார்த்து, சரி, நாமே ஒன்று செய்வோம் என்று இறங்கினேன்.

நான்கில் என் மனதைப் பிடித்தது கோப்பன்ஹேகன்தான். காரணம் இருக்கிறது. முழு நீலக் குதிரையைப் பார்த்தால் பெயின்ட் பூசிய பொம்மை என்றே தோன்றும். கோப்பன்ஹேகன் அப்படியில்லை. நிறம் கற்பனை, ஆனால் அது உடம்பில் படிந்திருக்கும் விதம் நிஜச் சாம்பல் குதிரையுடையது. அதனால் கண் அதை உயிருள்ளதாக ஏற்றுக்கொள்கிறது. கற்பனை நிறம் தீட்டுகிறவர் நிஜக் குதிரையை மற்றவர்களை விடக் கூடுதலாகப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு நம்மூரை விட நல்ல இடம் வேறெங்கே? கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மட்டக்குதிரைகள் போகின்றன, ஏப்ரல் சீசனில் பந்தயத் திடலுக்கும் குதிரைகள் வந்துவிடும். சாம்பல் குதிரை பெரும்பாலும் அடர் நிறத்தில் பிறந்து, வயது ஏற ஏற வெளுக்கும். அந்த இடைக்காலத்தில்தான் புள்ளிகள் எழும்பும். அதிலும் விலாவிலும் பின்தொடையிலும் தெளிவாக இருக்கும். கழுத்துப் பக்கம் போகப் போக மங்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெளிறிய நடுவும் கருமையான விளிம்புமாக இருக்கும், விளிம்புகள் ஒன்றோடொன்று பின்னி வலை போல ஓடும். ஆகவே வட்டம் வட்டமாக வெள்ளைப் பொட்டு வைத்தால் அது சாம்பல் குதிரை ஆகாது.

செய்த விதம் இதுதான். பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, அச்சு பொருந்திய கோட்டை மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்தேன். அப்புறம் வெளிர் நீலத்தை உடம்பு முழுக்கப் பூசி, அது காய்ந்த பின் அக்ரிலிக் கருநீலத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, நுனிப் பிரஷ்ஷால் அந்த வலையை வரைந்தேன். புள்ளி என்பது நான் வரையாமல் விட்ட இடம். கடைசியில் ஸ்பொஞ்ச் துண்டால் ஓரங்களை ஒற்றி எடுத்ததும் கோடுகள் தோலுக்குள் இறங்கியது போல் ஆகிவிட்டன. விலாவுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கால், பிடரி, வால் வெள்ளை, ஒரே அமர்வில் முடிந்தது.

வார்னிஷுக்கு வருகிறேன். ஈரக்காற்றில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால், அது காயும்போது குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு பால் நிறமாக மங்கிவிடும். கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊரில் இது சும்மா விடக்கூடிய விஷயமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை உச்சிவெயில் நேரம்தான் எங்களுக்குத் தோதான காலம். மற்ற மாதங்களில் பனி விலகும் நாளைப் பார்த்துத்தான் டப்பாவை எடுக்கவேண்டும்.

பழைய பெரிய பிரையர்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வெப்பம் அதற்கு ஆகாது, அந்த வகையில் நம் குளிர் நல்லது. ஆனால் ஈரமும் கெடுதல். வினாகிரி வாடை வந்தால் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இறுக்க மூடிய பெட்டியில் அந்த ஆவி தேங்கி இன்னும் வேகமாகக் கெடுக்கும், ஆகவே காற்றோட்டமான தட்டில் வையுங்கள்.

அக்கா மகள், “மாமா, அடுத்தது பச்சையிலயா?” என்று கேட்டாள். ஆமாம். பக்ஸ்கின் குதிரைக்கு உடம்பு வெளிர் மஞ்சள், பிடரியும் வாலும் காலும் கறுப்பு. அதே அமைப்பில் உடம்புக்குக் கொழுந்துப் பச்சை, பிடரிக்கும் காலுக்கும் முற்றிய தேயிலையின் கரும்பச்சை. குட்டி ஒன்றைத் தேய்த்துத் தயாராக வைத்திருக்கிறேன். கண்ணுக்குக் கறுப்பு வைப்பேன் என்றேன். அவள் தேன் நிறம்தான் வேண்டும் என்கிறாள். இரண்டையும் துண்டுப் பிளாஸ்டிக்கில் பூசிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.